பழைய ஸ்மார்ட் கருவியை யாருக்கும் சொந்தமில்லாத நிலைக்குக் கொண்டுவருவது: பாதுகாப்புச் சோதனைக்கான முழு வழிகாட்டி

சென்னை பர்மா பஜாரிலும் மூர் மார்க்கெட்டிலும் பழைய செல்போனுக்குப் பக்கத்திலேயே இப்போது பழைய வைஃபை கேமரா, ஸ்மார்ட் பிளக், ஸ்பீக்கர் எல்லாம் கிடைக்கின்றன. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் காயலான் கடைகளில், வீடு காலி செய்தவர்கள் போட்டுவிட்டுப் போனவை மூட்டையோடு வந்து இறங்குவதும் உண்டு. பாதுகாப்புச் சோதனை கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு இதைவிட மலிவான வழி இல்லை.

ஆனால் வாங்கி வந்த கையோடு ரீசெட் ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்திவிட்டு, "சரி, புதுசாயிடுச்சு" என்று வேலையை ஆரம்பிப்பதுதான் பலர் வழக்கம். அப்படிச் செய்த சோதனையின் முடிவை நம்ப முடியாது. திறந்து கிடக்கும் ஒரு போர்ட்டை, அதாவது நெட்வொர்க் வழியே கருவிக்குள் போகும் வாசலை, கண்டுபிடித்தால், அது கருவியைச் செய்தவர் விட்ட குறையா, பழைய சொந்தக்காரர் செய்து வைத்த அமைப்பா என்று பிரித்துச் சொல்ல வழியிருக்காது.

ஒரு ஸ்மார்ட் கருவி "இன்னாருடையது" என்ற தகவல் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கருவிக்குள் இருக்கும் மெமரியில் ஒரு பங்கு: வைஃபை பெயர், பாஸ்வேர்டு, சாவிகள் (கருவியும் சர்வரும் ஒன்றையொன்று நம்ப வைத்திருக்கும் ரகசிய எண்கள்). நிறுவனத்தின் சர்வரில் ஒரு பங்கு: இந்த சீரியல் எண் இந்தக் கணக்கைச் சேர்ந்தது என்ற பதிவு. மூன்றாவது பங்கு அக்கம்பக்கத்தில்: ஹப் (பல கருவிகளை இணைக்கும் மையப் பெட்டி), அலெக்ஸா போன்ற இணைப்புகள், குடும்பத்தாருக்குப் பகிர்ந்த அனுமதி, செல்போன் ஆப்பில் சேமித்து வைத்த சாவி. ரீசெட் பட்டன் பெரும்பாலும் தொடுவது முதல் பங்கை மட்டும்தான், அதையும் சில நேரம் அரைகுறையாக. மூன்றும் காலி என்று நிரூபித்த பிறகுதான் அது யாருக்கும் சொந்தமில்லாத கருவி. இந்த வழிகாட்டி முழுக்க அந்த நிரூபணம் பற்றியதுதான்.

முதலில், அது உங்களுடையதா?

கடையில் வாங்கும்போது துண்டுச் சீட்டாவது கேட்டு வாங்குங்கள். "அண்ணே, இது யார் வீட்ல இருந்து வந்துச்சு, அவங்க ஆப்ல இருந்து எடுத்துட்டாங்களா?" என்று கேட்பதில் தப்பில்லை. தெரிந்த கடைக்காரர் விற்றவரிடமே போன் போட்டுக் கேட்டுச் சொல்வார். வாடிக்கையாளர் கொடுத்த கருவி என்றால், எந்தக் கருவி, என்ன சோதனை, எந்தத் தேதி வரை என்று எழுத்தில் அனுமதி வேண்டும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகளை ஒருமுறை படித்து வைப்பது நல்லது. உரியவரின் அனுமதி இல்லாமல், கெட்ட எண்ணத்தோடு கணினிக்குள் நுழைந்தால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கேமரா உங்கள் மேசையில் இருக்கலாம். அது பேசும் சர்வர் உங்களுடையது இல்லை. கருவியைக் குடையலாம், சர்வரைக் குடையக்கூடாது. அந்தக் கோட்டை மறக்க வேண்டாம்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன்

கேமராவா? மெமரி கார்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். ஃபேக்டரி ரீசெட் பொதுவாகக் கார்டைத் தொடுவதில்லை. அதில் யாருடைய வீட்டுக் கூடமோ, யாருடைய குழந்தையோ இருக்கலாம். பார்க்காமல் முழுதாக அழித்துவிடுங்கள். கடைக்காரருக்கு விற்றவரைத் தெரியும் என்றால் கார்டைத் திருப்பிக் கொடுப்பது இன்னும் நல்லது.

அப்புறம் ஸ்டிக்கர்களைப் படம் எடுங்கள். சீரியல் எண், மேக் முகவரி (நெட்வொர்க்கில் கருவியின் அடையாள எண்), கியூஆர் குறியீடு எல்லாம். மேட்டர் (பல நிறுவனங்களுக்கும் பொதுவான இணைப்பு முறை) வகைக் கருவியில் 11 இலக்க இணைப்பு எண் இருக்கும்; ஆப்பிளின் ஹோம்கிட் என்றால் 8 இலக்கம். ரீசெட் செய்த பிறகு மறுபடி இணைக்க இந்த எண் இல்லாமல் முடியாது. பழைய பொருளில் ஸ்டிக்கர் பாதி கிழிந்திருக்கும். கைபட்டு மீதியும் போவதற்குள் படம் எடுத்துவிட வேண்டும்.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் வீட்டு வாசலில் மாட்டியிருந்த கருவி என்றால் கழற்றிப் பாருங்கள். உப்புக் காற்றில் ரீசெட் பட்டனின் கால்கள் பச்சை பூத்திருக்கும். அப்படிப்பட்ட பட்டன் அழுத்தினால் வேலை செய்யாது, அல்லது அழுத்தாமலே அழுத்தியதுபோல நடக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். "ரீசெட் ஆகவே மாட்டேங்குது" என்று வருகிற புகார்களில் பட்டன் துருப்பிடித்த கதையும் கலந்திருக்கும்; அதை ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) குறை என்று எழுதிவிட்டால் சோதனை அறிக்கைக்கே மரியாதை போய்விடும்.

சோதனைக்கென்று தனி வீடு கட்டுங்கள்

வீட்டு வைஃபையில் இதைச் செய்யவே கூடாது. பழைய ரௌட்டர் ஒன்று எடுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரௌட்டர் மென்பொருளைப் போட முடிந்தால் நல்லது, கருவி எங்கெங்கே பேசுகிறது என்று அதிலேயே பார்க்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை இருக்க வேண்டும். மலிவான கருவிகளில் பலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. ரௌட்டர் இல்லையென்றால் பழைய போனின் ஹாட்ஸ்பாட் ஆரம்பத்துக்குப் போதும்.

அந்த வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் உலகத்தில் வேறெங்கும் இருக்க முடியாத சொல்லாக இருக்கட்டும். இருபது முப்பது எழுத்துகளை அர்த்தமில்லாமல் தட்டி வையுங்கள். இது பாதுகாப்புக்காக மட்டும் இல்லை. பின்னால் கருவியின் மெமரியை வெளியே எடுத்துத் தேடும்போது இந்தச் சொல் கிடைத்தால், ரீசெட் அழிக்கவில்லை என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம். பழைய சொந்தக்காரரின் தகவலைத் தேடிப் பார்க்க வேண்டிய அவசியமே வராது. இந்தச் சொல்லுக்கு அடையாளச் சொல் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இரண்டு புதிய மின்னஞ்சல், அவற்றில் இரண்டு புதிய ஆப் கணக்கு. ஒன்று "பழைய சொந்தக்காரர்", இன்னொன்று "புதிய சொந்தக்காரர்". முடிந்தால் இரண்டையும் தனித்தனிப் போனில் வையுங்கள். ஒரே போனில் கணக்கை மாற்றி மாற்றி நுழைந்தால், ஆப் சேமித்து வைத்த சாவி எந்தக் கணக்குக்கு உரியது என்று குழம்பிப்போகும்.

வடசென்னையின் நெருக்கமான தெருக்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஹவுசிங் போர்டு குடியிருப்பில் உட்கார்ந்து புளூடூத்தோ ஜிக்பீயோ (ஸ்மார்ட் பல்பும் ஹப்பும் பேசிக்கொள்ளும் ரேடியோ முறை) ஸ்கேன் செய்தால், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பல்பும் பட்டியலில் வரும். ஜிக்பீயில் டச்லிங்க் என்ற வழியில், பக்கத்தில் இருக்கும் பல்பை ஹப் இல்லாமலே ரீசெட் செய்ய முடியும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான அதன் ரகசியச் சாவி 2015-லேயே வெளியே கசிந்துவிட்டது. உங்கள் சோதனையில் பக்கத்து வீட்டு விளக்கு இருண்டால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை. மேக் முகவரியைப் பார்த்து, உங்கள் கருவிக்கு மட்டும் கட்டளை போகிறதா என்று உறுதி செய்த பிறகே அழுத்துங்கள்.

ரீசெட் செய்வது

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முறை. தயாரிப்பாளரின் கையேட்டைத் தேடிப் படிப்பதுதான் முதல் வேலை. ஒரே பட்டனை ஐந்து விநாடி அழுத்தினால் வைஃபை மட்டும் மறக்கும், பத்துப் பதினைந்து விநாடி அழுத்தினால்தான் எல்லாம் மறக்கும் என்று வைத்திருக்கும் கருவிகள் நிறைய. பாதியில் கையை எடுத்துவிட்டு முழு ரீசெட் என்று நினைத்துக்கொள்வது சுலபம். விளக்கு எப்படி மின்னுகிறது என்பதை வீடியோ எடுத்து வையுங்கள், அதுவே சாட்சி.

பட்டன் இல்லாத பல்புகளை சுவிட்சால்தான் ரீசெட் செய்ய வேண்டும். இந்தியக் கடைகளில் வேறு வேறு பெயர்களில் விற்கும் பல்புகள் பலவற்றின் உள்ளே இருப்பது துயா என்ற ஒரே தளம். பெரும்பாலும் மூன்று முறை அணைத்துப் போட்டால் வேகமாக மின்னும். ஐகியாவின் பல்புக்கு ஆறு முறை. டாப்போ சி200 கேமராவில் லென்ஸை மேலே தூக்கினால் கீழே பட்டன் தெரியும். ஐந்து விநாடியாவது பிடிக்க வேண்டும். அமேசானின் மூன்றாம் தலைமுறை எக்கோ டாட் ஸ்பீக்கரில் புள்ளி போட்ட பட்டனை 25 விநாடி. கூகுள் நெஸ்ட் மினியில் மைக் சுவிட்சை அணைத்துவிட்டு மேலே நடுவில் விரலை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மின்வெட்டு நாளில் இதைச் செய்யாதீர்கள். மெமரியை அழிக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் கருவி பாதி மறந்த நிலையில் நிற்கும். யூபிஎஸ் இருந்தால் அதில் போடுங்கள். (பாதி மறந்த நிலையையே வேண்டுமென்று உண்டாக்கிச் சோதிப்பதும் நல்ல ஆராய்ச்சிதான். அது வேறு நாள் வேலை.)

ரீசெட் ஃபர்ம்வேரைப் பழைய பதிப்புக்குத் திருப்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் திருப்பாது, அமைப்புகள் மட்டுமே போகும், ஃபர்ம்வேர் கடைசியாக ஏறிய பதிப்பிலேயே நிற்கும். பெட்டி பிரித்த புதுக் கருவியும் ரீசெட் செய்த கருவியும் ஒன்றில்லை. பதிப்பு எண்ணை முன்னும் பின்னும் எழுதி வையுங்கள். குறிப்பிட்ட பதிப்பைத்தான் சோதிக்க வேண்டும் என்றால், ரௌட்டரில் வெளி இணையத்தை மூடிவிட்டு இணையுங்கள். இல்லையென்றால் நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அது தானாகவே புதிய பதிப்பை ஏற்றிக்கொள்ளும்.

ஜிக்பீ கருவியை ரீசெட் செய்தால் அது ஹப்பை விட்டு விலகிவிடும், ஆனால் ஹப்பின் பட்டியலில் பெயர் நிற்கலாம். ஹப்பிலும் நீக்குங்கள். மேட்டர் கருவி ஒரே நேரத்தில் பல தளங்களுக்குச் சொந்தமாக இருக்க முடியும். குறைந்தது ஐந்துக்கு இடம் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. கூகுள் ஹோமிலிருந்து எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தால், ஆப்பிள் ஹோமில் இன்னும் உயிரோடு இருக்கும். அங்கே தனித்தனியாக நீக்குவதைவிடக் கருவியிலேயே முழு ரீசெட் செய்வதுதான் சரி.

சர்வர் விடவில்லை என்றால்

புதிய கணக்கில் சேர்க்கும்போது "இந்தக் கருவி வேறொரு கணக்கில் உள்ளது" என்று வருகிறதா? பதற்றப்பட வேண்டாம், இது பெரும்பாலும் நல்ல அறிகுறி. திருடியவன் பயன்படுத்த முடியாதபடி போட்ட பூட்டு அது. ஈஸ்விஸ் போன்ற கேமராக்களில் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் இந்தப் பூட்டு போகாது. பழைய கணக்கிலிருந்துதான் விடுவிக்க வேண்டும்.

இந்தப் பூட்டை உடைக்கும் குறுக்கு வழிகளைச் சொல்லித்தர மாட்டேன். செய்ய வேண்டியது எளிது: கடைக்காரரிடம் கொண்டு போங்கள், விற்றவரைக் கூப்பிட்டு ஆப்பில் நீக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் தயாரிப்பாளரின் உதவி மையத்துக்கு பில்லோடு எழுதுங்கள். அதுவும் முடியாவிட்டால் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முந்நூறு ரூபாய் கேமராவுக்காகத் திருட்டுப் பொருள் வழக்கில் பெயர் சேர வேண்டாம்.

உண்மையிலேயே மறந்ததா? மூன்று கேள்விகள்

இதுதான் வழிகாட்டியின் நடு. மேலோட்டமான சோதனையில் ஆரம்பித்து ஆழமானதுக்குப் போவோம். அதற்கு முன் கருவியை ஒருமுறை சோதனை வைஃபையில் சேர்த்து, அடையாளச் சொல் அதற்குள் போன பிறகு மறுபடி ரீசெட் செய்யுங்கள்.

முதல் கேள்வி, காற்றில் என்ன தெரிகிறது? ரீசெட் ஆன கருவி தன் சொந்த அமைப்பு வைஃபையையோ புளூடூத் அறிவிப்பையோ அனுப்ப வேண்டும். மானிட்டர் மோடு (காற்றில் போகும் எல்லா வைஃபை பேச்சையும் கேட்கும் நிலை) தாங்கும் வைஃபை அட்டை இருந்தால், அந்தப் பேச்சைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பாருங்கள். சில கருவிகள் தெரிந்த வைஃபையின் பெயரைச் சொல்லியே "நீ இருக்கிறாயா" என்று கேட்கும். ரீசெட்டுக்குப் பிறகும் அடையாளச் சொல்லைக் கூப்பிட்டால் அது மறக்கவில்லை. பிறகு சோதனை வைஃபையில் சேர்த்து, என்மேப் என்ற மென்பொருளால் எல்லா போர்ட்டையும் பாருங்கள். 23-இல் டெல்நெட் (தூரத்திலிருந்து கட்டளை கொடுக்கும் பழைய முறை), 554-இல் வீடியோ ஓடை, 80-இல் இணையப் பக்கம். ரீசெட் தொழிற்சாலைப் பாஸ்வேர்டையும் திருப்பிக் கொண்டுவந்துவிடும் என்பதை மறந்துவிடுகிறோம். 2016-இல் மிராய் என்ற வைரஸ் இணையத்தையே உலுக்கியது, டெல்நெட்டில் அறுபதுக்கும் மேற்பட்ட தொழிற்சாலைப் பயனர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை முயன்று பார்த்துத்தான். மின்சாரம் போனால் அழியும் தற்காலிக மெமரியில் மட்டும் மிராய் வாழ்ந்ததால் அணைத்துப் போட்டாலே போய்விடும். ஆனால் பாஸ்வேர்டு மாறாத கருவிக்குள் மறுபடி புகுந்துவிடும். முதல் முறை உள்ளே போகும்போது பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறதா என்று பாருங்கள்.

மலிவான கேமராக்களில் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு யூஐடி எண் இருக்கும், அதை வைத்துத்தான் எங்கிருந்தும் இணைகிறார்கள். ரீசெட் அந்த எண்ணை மாற்றாது. 2019-இல், இப்படி ஒரு தொழில்நுட்பத்தின் எண்களை ஊகித்தே அறிய முடியும் என்று வெளியானது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் அந்த வலையில் இருந்தன. எண்ணைக் குறித்து வைத்திருக்கும் பழைய சொந்தக்காரருக்கு ஊகிக்கும் வேலைகூட இல்லை. தொழிற்சாலைப் பாஸ்வேர்டோடு நீங்கள் அதை மாட்டினால் அவர் உள்ளே வரலாம்.

இரண்டாம் கேள்வி, பழைய கணக்குக்கு இன்னும் தெரிகிறதா? கருவியை உங்கள் "பழைய சொந்தக்காரர்" சோதனைக் கணக்கில் சேருங்கள். குடும்ப உறுப்பினராக மூன்றாவது ஒரு கணக்குக்குப் பகிருங்கள், அலெக்ஸாவோடும் இணையுங்கள். பிறகு ஆப்பில் எதையும் நீக்காமல் பட்டன் ரீசெட் மட்டும் செய்து, புதிய கணக்கில் சேருங்கள். இப்போது பழைய கணக்கைத் திறந்து பாருங்கள்: படம் வருகிறதா, அறிவிப்பு வருகிறதா, பகிர்ந்தவர் பார்க்க முடிகிறதா, அலெக்ஸாவிடம் சொன்னால் பிளக் அணைகிறதா? அடுத்த சுற்றில் தலைகீழாக, ஆப்பில் மட்டும் நீக்குங்கள், பட்டனைத் தொடாதீர்கள். அதற்கடுத்து, கருவிக்கு இணையம் இல்லாதபோது ஆப்பில் நீக்கிவிட்டுப் பிறகு இணையம் கொடுத்துப் பாருங்கள். இந்த மூன்றாவது வகையில்தான் வேடிக்கை நடக்கும். சர்வர் மறந்திருக்கும், கருவி மறந்திருக்காது.

இது கற்பனை இல்லை. 2019-இல், நெஸ்ட் கேமராவை விங்க் என்ற வேறு தளத்தோடு இணைத்திருந்த பழைய சொந்தக்காரர், கேமராவை ரீசெட் செய்து விற்ற பிறகும் புதியவரின் வீட்டுப் படங்களை விங்க் வழியே பார்க்க முடிந்தது. செய்தி வெளியான பிறகு கூகுள் அதைச் சரிசெய்தது. 2017-இல் ஐபிஎம்மின் சார்லஸ் ஹெண்டர்சன், விற்றுப் பல நாள் ஆன தன் காரை இன்னும் போன் ஆப்பில் கட்டுப்படுத்த முடிகிறது என்று மேடையில் சொன்னார். இரண்டிலும் ரீசெட் நடந்திருந்தது. கருவிக்கு வெளியே இருந்த அனுமதி மட்டும் ரத்தாகவில்லை.

துயா கருவிகளுக்குத் தனியாக ஒரு சோதனை. உள்ளூர் நெட்வொர்க்கில் பேச ஒரு லோக்கல் கீ இருக்கும். மறுபடி இணைக்கும் ஒவ்வொரு முறையும் அது மாற வேண்டும். ரீசெட்டுக்கு முன் எடுத்து வைத்த சாவியை, மறுபடி இணைத்த பிறகு முயன்று பாருங்கள். வேலை செய்யக்கூடாது.

மூன்றாம் கேள்வி, சிப்பில் என்ன மிச்சம்? இதற்குக் கழற்ற வேண்டும். எச்சரிக்கை: பிளக், பல்பு போன்றவற்றின் உள்சுற்று பெரும்பாலும் 230 வோல்ட் லைனோடு நேரடித் தொடர்பில் இருக்கும். சுவரில் செருகியபடி கணினியோடு இணைத்தால் கணினியும் போகும், ஆளும் போகலாம். லைனை முழுதாகக் கழற்றிவிட்டு, 3.3 வோல்ட்டை வெளியிலிருந்து கொடுத்து மட்டுமே படிக்க வேண்டும்.

ஈஎஸ்பி8266, ஈஎஸ்பி32 போன்ற வைஃபை சிப் என்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் யூஎஸ்பி சீரியல் அடாப்டரும் ஈஎஸ்பிடூல் என்ற இலவச மென்பொருளும் போதும். அடாப்டரை 3.3 வோல்ட்டில் வையுங்கள், ஜிபிஐஓ பூஜ்யம் என்ற காலை கிரவுண்டோடு சேர்த்து இயக்குங்கள், முழு ஃபிளாஷையும் (தகவலைச் சேமித்து வைக்கும் மெமரி) கோப்பாக எடுங்கள். எட்டுக்கால் ஃபிளாஷ் சிப் தனியாக இருந்தால் சிஎச்341ஏ புரோகிராமரும் (சிப்பைப் படிக்கும் சிறு பலகை) கிளிப்பும். அந்த மலிவுப் பலகைகளில் சிலவற்றில் டேட்டா கால்களில் 5 வோல்ட் வருகிறது. மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு மாட்டுங்கள், இல்லையேல் சிப் வறுபட்டுவிடும்.

கோப்பில் அடையாளச் சொல்லைத் தேடுங்கள். ரீசெட்டுக்கு முன் எடுத்ததில் கிடைத்து, பின் எடுத்ததில் கிடைக்கவில்லை என்றால் சரி. முன்பும் கிடைக்கவில்லை, கோப்பு முழுக்க ஒழுங்கற்ற எழுத்துகள் என்றால் ஃபிளாஷ் பூட்டி மறைக்கப்பட்டிருக்கலாம், அது நல்ல வடிவமைப்பு. பின்பும் கிடைத்தால் அறிக்கைக்கு விஷயம் கிடைத்துவிட்டது. 2019 ஜனவரியில் லைஃபெக்ஸ் பல்பைப் பிரித்த ஒரு ஆய்வாளர், வைஃபை பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் அப்படியே ஃபிளாஷில் இருப்பதைக் காட்டினார். குப்பையில் போட்ட பல்பிலிருந்து வீட்டு வைஃபைக்குள் போகலாம் என்றால் மற்றதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏன் அழிந்ததெல்லாம் அழிவதில்லை? ஃபிளாஷ் மெமரி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் தேய்ந்துவிடும். அதனால் மென்பொருள் எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். பழைய இடத்தில் "இது செல்லாது" என்ற குறி மட்டும் போடும். வாடகைக்காரர் காலி செய்தார் என்று நோட்டில் எழுதிவிட்டு அறையைப் பெருக்காமல் விட்டதுபோலத்தான். 2021-இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் கீசேயும் குவேரா நூபிரும் 86 பழைய எக்கோ டாட்டுகளை வாங்கிப் பார்த்தார்கள். அவற்றில் 61 விழுக்காடு ரீசெட்டே செய்யப்படாதவை. ரீசெட் செய்த பிறகும் சிப்பிலிருந்து வைஃபை பாஸ்வேர்டு போன்றவற்றை மீட்க முடிந்தது.

ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில்

அடுத்த சோதனைக்குப் போகும் முன் எல்லாம் தொடக்க நிலைக்கு வந்தாக வேண்டும். போனின் புளூடூத் பட்டியலில் கருவியை மறக்கச் சொல்லுங்கள், ஆப்பின் சேமிப்பை அழியுங்கள், இரண்டு கணக்கிலும் கருவி இல்லை என்று பாருங்கள், அலெக்ஸாவின் பட்டியலையும். அடையாளச் சொல்லைச் சுற்றுக்குச் சுற்று மாற்றுங்கள். மூன்றாம் சுற்றின் சொல் ஐந்தாம் சுற்றுக்குப் பிறகு கிடைத்தால், எந்த ரீசெட் தவறவிட்டது என்று அதுவே சொல்லிவிடும். ஒரு நோட்டில் தேதி, ஃபர்ம்வேர் பதிப்பு, என்ன செய்தீர்கள், விளக்கு எப்படி மின்னியது என்று எழுதுங்கள். கணினியில் எழுதினாலும் சரி, ஆனால் எழுதுங்கள்.

கண்டதைச் சொல்லும் இடம்

குறை கிடைத்தால் முதலில் தயாரிப்பாளருக்கு. பாதுகாப்புக்கென்று தனி மின்னஞ்சல் வைத்திருக்கிறார்களா என்று அவர்கள் தளத்தில் பாருங்கள். பதில் இல்லையென்றால், அல்லது இந்தியாவில் பலர் வீட்டில் இருக்கும் கருவி என்றால், மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு எழுதலாம். குறைபாடுகளைப் பெற்றுக்கொண்டு தயாரிப்பாளரோடு பேசுவதும் அவர்கள் வேலைதான். அதற்கு முன் சமூக ஊடகத்தில் வீடியோ போட்டால் பார்வை கிடைக்கும், கூடவே அதே கேமராவை வாசலில் மாட்டியிருக்கும் ஆயிரம் வீடுகள் திறந்து கிடக்கும்.

2025 ஏப்ரல் 9 முதல் இந்தியச் சந்தைக்கு வரும் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. அதற்கு முன் விற்றவை இன்னும் பல ஆண்டு காயலான் கடைக்கு வந்துகொண்டேதான் இருக்கும்.

சோதனை முடிந்த கருவியை மறுபடி விற்பதாக இருந்தால், மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் கடைசியாக ஒருமுறை ஓட்டிவிட்டு விற்கவும். வாங்குபவரை அங்கேயே, உங்கள் கண் முன்னால், அவருடைய போனில் இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் இரண்டு சோதனைக் கணக்கிலும் அது தெரியவில்லை என்று அவருக்குக் காட்டிய பிறகு காசை வாங்குங்கள். சிப்பில் அடையாளச் சொல் மிச்சம் இருந்த கருவியை விற்க வேண்டாம். ஃபிளாஷ் சிப்பை உடைத்துவிட்டு மின்கழிவில் போடுங்கள்.